அச்சு அசலான அலட்சியம்

வாரத்தில் ஐந்து நாட்கள் குறை கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன் நான். டெட்ராய்ட்டுக்கு வடக்கே ட்ராய் நகரில் குடியிருந்துகொண்டு, கார் நிறுவனங்களுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். ஆறாவது நாளில், பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் உட்கார்ந்து, 1968ஆம் ஆண்டில் யாரோ செய்துவைத்த குறைகளை ஒன்று விடாமல் மறுபடியும் செய்து கொடுக்கிறேன். அதற்குச் சம்பளம் கிடையாது. காப்பி மட்டும் உண்டு, அதுவும் நம் ஊர்க் காப்பி அல்ல.

பெரியவர், உலோகப் பாகங்களுக்கான அச்சுகளும் கருவிகளும் செய்யும் ஒரு டூல் அண்டு டை பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் முதல் காரை வாங்கியவர். அன்று முதல் இன்றுவரை ஓடாத கார் ஒன்றாவது நிற்காமல் தங்கள் வீட்டு வாசல் இருந்ததில்லை என்று அவருடைய மனைவி சொல்வார். பெருமைக்காகச் சொல்லவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்துவிடும்.

அவருடைய பக்தி முழுவதும், 1964இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் மட்டுமே கொடிகட்டிப் பறந்த அமெரிக்க மஸில் கார்களுக்கே உரியது. நடுத்தர அளவுள்ள சாதாரணக் காருக்குள் பெரிய காருக்கு உரிய எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினைத் திணித்து, இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்பதுதான் அந்த இனத்தின் இலக்கணம். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை விதி வைத்திருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டெலோரியனும் அவருடைய கூட்டாளிகளும், விதி புதிய காருக்குத்தானே தவிர, இருக்கிற காரில் சேர்க்கும் கூடுதல் வசதிக்கு இல்லை என்று வியாக்கியானம் செய்து, டெம்பெஸ்ட் காருக்கு ‘ஜிடிஓ’ என்ற பெயரில் 389 கன அங்குல எஞ்சினை விருப்பத் தேர்வாகக் கொடுத்துவிட்டார்கள். முதல் ஆண்டிலேயே 32,000க்கு மேல் விற்றுப்போனதால் தலைமையும் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கதையைப் பெரியவர் ரசித்துச் சொல்லும்போதெல்லாம் நான் கொஞ்சம் நெளிவேன். விதிமுறையில் சந்து கண்டுபிடித்து நுழைகிறவர்களைப் பிடித்து நிறுத்துவதும் என் உத்தியோகத்தில் அடக்கம்.

இப்போது கராஜில் நிற்பது 1968ஆம் ஆண்டு பிளிமத் ரோட் ரன்னர். வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூனில் பிடிபடாமல் ஓடிக்கொண்டே இருக்கும் அந்தப் பறவையின் பெயரையும் படத்தையும் பயன்படுத்திக்கொள்ள 50,000 டாலர் கொடுத்த பிளிமத் நிறுவனம், பறவையைப் போலவே ‘பீப் பீப்’ என்று கத்துகிற ஹாரனையும் காரில் பொருத்தியது. அதே காரில், தரைக்குக் கம்பளம் போட்டால் செலவு என்று ரப்பர் விரிப்பைப் போட்டு மிச்சம் பிடித்தது. 2,896 டாலர் அடிப்படை விலையில் 335 குதிரைத்திறன் கிடைக்கிறதென்றால் கம்பளத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

பெரியவர் இதை ஒரு பண்ணைக் கொட்டகையில், வைக்கோலுக்கு அடியிலிருந்து கண்டெடுத்து வாங்கினார். கார் பார்க்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சிறிய காந்தம் வைத்திருப்பார். பனிக்காலத்தில் மிச்சிகன் சாலைகளில் கொட்டுகிற உப்பு தகட்டைத் தின்றுவிடும். தின்ற இடத்தைப் பட்டி பூசி மூடி, மேலே பெயிண்ட் அடித்து விற்றுவிடுவார்கள். தகடு இருந்தால் காந்தம் ஒட்டும், பட்டி இருந்தால் கீழே விழும். இந்தக் காரின் பின்சக்கரத்துக்கு மேலே காந்தம் எங்கே வைத்தாலும் விழுந்தது. விற்பவர் முகம் சுருங்கிப்போனது. பெரியவரோ அளவற்ற மகிழ்ச்சியோடு பணத்தை எண்ணிக் கொடுத்தார். எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு வேலை இருக்கிறது என்பது அவருடைய கணக்கு.

வீட்டுக்குக் கொண்டுவந்து பின்சீட்டைப் பிரித்தபோது, சுருள் கம்பிகளுக்கு நடுவே தொழிற்சாலையின் பில்ட் ஷீட் அகப்பட்டது. எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், என்ன நிறம் என்று கார் தயாராகும்போதே குறியீடுகளால் அச்சடித்த காகிதம் அது. ஓரத்தை எலி தின்றிருந்தது. பெரியவர் அதை, கரையான் அரித்த ஓலைச்சுவடியைக் கையில் எடுக்கும் புலவரைப் போல, மூச்சுக்கூட விடாமல் தூக்கிக் கண்ணாடித் தாள்களுக்கு நடுவே வைத்தார்.

இடையில் சக்கரம் கழற்றும் படலம் ஒன்று நடந்தது. அந்தக் காலத்தில், பிளிமத்தின் தாய் நிறுவனமான கிரைஸ்லரின் கார்களில் இடதுபுறச் சக்கரங்களின் நட்டுகளுக்கு மட்டும் தலைகீழ் மரை. சக்கரம் சுழல்கிற திசையில் நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மற்ற நிறுவனங்களின் கார்கள் இந்த ஏற்பாடு இல்லாமலேயே சக்கரம் கழலாமல் ஓடின என்பதால், பின்னர் கிரைஸ்லரும் இதைக் கைவிட்டது. விவரம் அறியாத டயர் கடைப் பையன் ஒருவன், கழற்றுவதாக நினைத்து, நீளமான குழாயை ஸ்பேனரில் செருகி, அதன்மேல் ஏறி நின்று, இறுக்கிக்கொண்டே போனான். போல்ட் முறிந்த சத்தம் தெருமுனைவரை கேட்டது. முறிந்த துண்டின் நுனியில் ‘எல்’ என்ற எழுத்து பொறித்திருப்பதைப் பெரியவர் அவனுக்குப் பரிவோடு காட்டினார்.

டிங்கரிங், எஞ்சின், கார்பரேட்டர் எல்லாம் முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. காரை அழகாக்குவதுதான் புதுப்பித்தல் என்று நான் எண்ணியிருந்தேன். பெரியவரின் மதத்தில் அது பாவம். கார் தொழிற்சாலை வாசலைத் தாண்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும், அன்றைய தொழிலாளியின் அவசரத்தோடும் அலட்சியத்தோடும் சேர்த்து. அடித்தளத்தில் உடலின் நிறம் அங்கங்கே தெறித்திருக்க வேண்டும். கறுப்புத் தார்ப்பூச்சு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் தகடு தெரிகிற அளவுக்கு மெலிந்தும் இருக்க வேண்டும். பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, கவனமாகக் கவனக்குறைவோடு அடிக்கும்படி அவர் என்னிடம் சொன்னபோது, கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்தவர்களை நினைத்துக்கொண்டேன். அன்றிரவு என் மனைவி, “அந்தக் காலத்து ஆள் சரியாகச் செய்யாததை, நீங்கள் ஏன் மெனக்கெட்டுச் சரியாகச் செய்யாமல் இருக்க வேண்டும்?” என்று கேட்டாள். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது அந்தக் கிறுக்கல்தான். எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில், அழுக்கைச் சோப்பு நீரால் மெல்லத் துடைத்தபோது, சோதனையாளர் ஒருவர் மஞ்சள் மெழுகுக் குச்சியால் போட்டிருந்த குறி வெளிப்பட்டது. இரண்டு எண்களும், பாதியில் நின்றுபோன ‘ஓகே’ போன்ற ஒன்றும் அதில் இருந்தன. பெரியவர் அதைப் புகைப்படம் எடுத்து, பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டிய பிறகே தகட்டைச் சுரண்டிப் புதிதாகப் பெயிண்ட் அடித்தார். இப்போது அதே குறியை அதே இடத்தில் போட வேண்டும். நான் எழுதினேன், எழுத்து வட்டமாக இருக்கிறது என்று துடைத்தார். வேகமாக எழுதினேன்; வேகமாக எழுத முயன்றது தெரிகிறது என்று துடைத்தார். அவரே எழுதினார், கைநடுக்கம் தெரிகிறது என்று அதையும் துடைத்தார். சாப்பாடு ஆறிப்போகிறது என்று சொல்ல வந்த அவருடைய மனைவி, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, குச்சியைப் பிடுங்கி, படத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் ஒரே வீச்சில் கிறுக்கிவிட்டு, குச்சியை மேசைமேல் எறிந்துவிட்டுப் போனார். நாங்கள் இருவரும் படத்தையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தோம். கடைசி ஷிஃப்ட்டின் கடைசி காரில் குறி போட்ட மனிதரின் எரிச்சல் அந்தக் கோடுகளில் அப்படியே இருந்தது.

கோடையில் நடந்த பழைய கார்க் கூட்டம் ஒன்றுக்கு ரோட் ரன்னரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனோம். நடுவர், டார்ச் விளக்கும் நீளக் கைப்பிடிக் கண்ணாடியுமாகக் காருக்கு அடியில் புகுந்து வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் தெறித்துவைத்த பெயிண்டைப் பார்த்துத் தலையசைத்தார். தார்ப்பூச்சின் மோசத்தைப் பாராட்டினார். ஹாரனை அடித்துக் கேட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து நின்று, கதவு ஓரத்தில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டினார், மறுபடியும் ஓட்டினார், மதிப்பெண் தாளில் எதையோ எழுதினார். கதவுகளின் இடைவெளி தொழிற்சாலையில் இருந்ததைவிடச் சீராக இருப்பதால் மதிப்பெண் குறைக்கப்படுகிறது என்பதே அதன் சாரம். கதவுகளைப் பொருத்தியது நான்தான். பெரியவர் வேறு ஏதோ வாங்கப் போயிருந்த ஒரு மாலையில், கை சும்மா இருக்காமல், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபார்த்துப் பொருத்தியிருந்தேன்.

இத்தனை ஆண்டு உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த தரச் சான்றிதழ் அந்தத் தாள்தான் என்பதால், உடனே செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். பெரியவர் என்னோடு பேசாமல் டிக்கியைத் திறந்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, கதவுக் கீலைத் தளர்த்தக் குனிந்துவிட்டார். அவருடைய மனைவியோ நடுவரைத் தனியாக அழைத்துச் சென்று, அந்த மஞ்சள் கிறுக்கலுக்கு எத்தனை மதிப்பெண் போட்டிருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.