கிராக்கோவில் கிறிஸ்துமஸ் பிப்ரவரி வரை

போலந்துக்கு வேலைக்கு வருகிற நம்ம ஊர்க் கத்தோலிக்கர்கள் முதல் டிசம்பரில் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். தூத்துக்குடிப் பக்கம் டிசம்பர் பிறந்தாலே வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும், கேரல் குழு தெருத்தெருவாக வரும், கூடவே ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டே மிட்டாய் தருவார். இங்கே கிராக்கோவில் சந்தைச் சதுக்கம் முழுக்க கடையும் விளக்கும்தான், ஆனால் கோயிலுக்குள் நுழைந்தால் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுகூட காதில் விழாது. திருவருகைக் காலம், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின காத்திருப்பு வாரங்கள், முடியட்டும், அப்புறம் பாடலாம் என்பது இவர்கள் கணக்கு.

அதற்குப் பதிலாக ரொராத்தி இருக்கிறது. மாதாவுக்காக விடியுமுன் வைக்கிற பூசை. டிசம்பரில் இங்கே சூரியன் ஏழரை மணிக்குத்தான் எட்டிப்பார்க்கும், சாயங்காலம் நாலு மணி ஆவதற்குள் போய்விடும், அதனால் காலை ஆறரைப் பூசை என்றால் நல்ல கும்மிருட்டு. கோயிலில் மின்விளக்கை அணைத்துவிடுகிறார்கள், பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு லாந்தர். ஊரில் மார்கழிக் குளிரில் பஜனைக்கு எழுந்து போகிற பிள்ளைகள் போலத்தான், என்ன, குளிர் மட்டும் வேறே ரகம். வேலைக்குப் போகிற வழியில் ஓவர்கோட்டோடு வந்து நின்றுவிட்டு டிராம் பிடிக்க ஓடுகிறவர்கள் நிறைய. எனக்கு இந்த ஊரில் முதலில் ஒட்டியது இந்தப் பூசைதான்.

குடில் பற்றியும் சொல்லவேண்டும். கோயில் குடில் 24ஆம் தேதிதான் நிறைவாகும். ஆனால் டிசம்பரின் முதல் வியாழக்கிழமை, சதுக்கத்தில் இருக்கும் கவிஞர் மிட்ஸ்கியேவிச் சிலையடியில் குடில் போட்டி தொடங்கும், 1937இல் ஆரம்பித்த வழக்கம். வைக்கோல் கொட்டகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மரியா பேராலயத்தின் கோபுரங்களையே பளபளக்கும் ஜிகினாத்தாளில் அடுக்கடுக்காகக் கட்டியிருப்பார்கள், குழந்தை இயேசுவைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். இந்தக் குடில் கட்டும் மரபு 2018இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

24ஆம் தேதி இரவு உணவுதான் இவர்களுக்கு எல்லாம். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே உட்காருவார்கள், பன்னிரண்டு பதார்த்தம், இறைச்சி கிடையாது, மேசைவிரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல், எதிர்பாராமல் வருகிறவருக்கென்று ஒரு தட்டு கூடுதலாக. அந்தத் தட்டை நம்பி யாரும் போய்க் கதவைத் தட்டப்போவதில்லை. கூட வேலைபார்ப்பவரின் அம்மா என்னையும் மனைவியையும் முன்கூட்டியே கூப்பிட்டதால்தான் போனோம். பீட்ரூட் சூப்பும் காளானும் பிரமாதம். சீலா மீன் தின்று வளர்ந்த நாக்குக்குக் கெண்டை மீன், அதுவும் அத்தனை முள்ளோடு, கஷ்டம்தான்.

சாப்பிடுவதற்கு முன்னால் ஒப்வாடெக். பூசையில் நன்மை வாங்கும் அப்பம் போலவே மெல்லிசாக, மேலே இயேசு பிறப்புப் படம் அச்சடித்து, பங்குக் கோயிலிலேயே கிடைக்கும், ஆனால் இது நற்கருணை இல்லை. ஆளுக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய், அவர் அப்பத்தில் நீங்கள் ஒரு துண்டு, உங்கள் அப்பத்தில் அவர் ஒரு துண்டு பிட்டுக்கொண்டு, கண்ணைப் பார்த்து வாழ்த்துச் சொல்லவேண்டும். ‘ஹேப்பி கிறிஸ்துமஸ்’ என்று கைகுலுக்கி முடித்துக்கொள்ள முடியாது. முட்டிவலி சரியாகட்டும், பேத்தி பரீட்சை பாஸாகட்டும், உங்களுக்கு இங்கே சொந்த வீடு அமையட்டும் என்று ஆளுக்கேற்ற மாதிரி சொல்கிறார்கள். அந்த அம்மா என்னிடம், ஊரில் இருக்கும் உன் அம்மா தைரியமாக இருக்கட்டும் என்றார். என்னிடம் இருந்த அரைகுறை போலிஷில் பதிலுக்கு ஆரோக்கியம் ஆரோக்கியம் என்றுதான் சொல்ல வந்தது.

நள்ளிரவுப் பூசையில் நிற்க இடமில்லை. புத்தகமே பார்க்காமல் மொத்தக் கோயிலும் பாடுகிறது, தாத்தா முதல் பொடிசு வரை. ஆனால் பூசை முடிந்ததும் யாரும் யாரோடும் நின்று பேசுவதில்லை, கேக் கிடையாது, நேரே வீடு. இந்த ஒன்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நம் ஊரில் ஃபாதரை வீடு மந்திரிக்க நாம்தான் போய் அழைப்போம். இங்கே பண்டிகை முடிந்த கையோடு எந்தத் தெரு, எந்தக் கட்டடம், என்றைக்கு என்று பங்கில் அட்டவணை போட்டுவிடுகிறார்கள். வெள்ளை விரிப்பு, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசு), இரண்டு மெழுகுவர்த்தி, தீர்த்தம், எல்லாம் தயாராக மேசைமேல் இருக்கவேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த இளம் குருவானவர் ஜெபித்துத் தீர்த்தம் தெளித்தார், ஒரு அட்டையில் எங்கள் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார், அடுத்த ஞாயிறிலிருந்து வாசலில் பார்த்தால் தலையசைக்கிறார். பங்கில் எங்களை ஆளாகச் சேர்த்தது அந்த அட்டைதான் என்று நினைக்கிறேன். கிளம்பும்போது காணிக்கை வைத்து ஒரு உறை கொடுப்பது வழக்கம், எவ்வளவு என்று கேட்டால் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். சில பங்குகளில் இப்போது நாமே கேட்டால்தான் வருகிறார்கள், அதனால் ஞாயிறு அறிவிப்பைக் கவனியுங்கள்.

ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள், 2011 முதல் அரசு விடுமுறை. காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு ஊர்வலம், மந்திரித்த சாக்கட்டியால் கதவில் ராஜாக்களின் முதலெழுத்தும் வருடமும். அதற்குப் பிறகும் குடிலைக் கலைப்பதில்லை. பிப்ரவரி 2, மெழுகுவர்த்தி மந்திரிக்கும் திருநாள் வரை கிறிஸ்துமஸ் பாட்டுதான். ஜனவரிக் கடைசியில் வந்து இறங்கினால்கூடப் பண்டிகை பார்த்துவிடலாம்.