அத்தையின் பெட்டி

இந்த ஜூன் விடுமுறைக்கு நாங்கள் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகவில்லை. விமான டிக்கெட்டுக்கு எடுத்துவைத்திருந்த பணத்தைப் புது வீட்டின் சீரமைப்பு வேலை விழுங்கிவிட்டது. பள்ளிக்கு நான்கு வாரம் லீவு. அலாரம் வைப்பதில்லை, தோன்றுகிற நாளில் தோன்றுகிற கோவிலுக்குப் போவது என்று முடிவு செய்தோம். பஸ்ஸிலும் ரயிலிலும் போய் வருகிற இதை யாத்திரை என்றால் பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அத்தைக்கு மட்டும் எதுவும் பிடிக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் சிராங்கூன் சாலைப் பக்கம், பெருமாள் கோவிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தவர். புது வீடோ செம்பவாங்கில், பன்னிரண்டாவது மாடி. நல்ல காற்று வருகிறதே என்று சொன்னால், "காற்று வருகிறது, மணிச்சத்தம் வரவில்லையே" என்பார். சுவாமி படங்களைக் கட்டிவைத்த பெட்டியை அவர் பிரிக்கவே இல்லை. பால் காய்ச்சிய அன்று பிள்ளையாரை மட்டும் உருவி எடுத்தார். மற்றவர்கள் கூடத்து மூலையில் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்தார்கள்.

முதலில் பக்கத்தில் இருப்பது என்று ஈசூன் தொழிற்பேட்டையிலுள்ள புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோவிலுக்குப் போனோம். இந்த முருகன் முன்பு செம்பவாங்கில், கான்பரா சாலையில் இருந்தவர் என்று என் கணவர் சொன்னார். அத்தை உடனே, "முருகனே காலி செய்துவிட்டுப் போன இடத்துக்கா என்னைக் குடி கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டார். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த வாரம் வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோவில். பக்கத்திலுள்ள குவான் இம் கோவிலுக்கு வந்த சீனப் பெரியவர்கள் அப்படியே இங்கும் வந்து, கிருஷ்ணன் வாசலில் ஊதுபத்தியை நெற்றிக்கு நேரே பிடித்து நின்றார்கள். என் மகளும் அவர்களைப் பார்த்து அதேபோல் பிடித்தாள். அத்தை கண்டுகொள்ளவில்லை. அவர் அகராதியில் அது சம்மதம்.

கேலாங் ஈஸ்ட் சிவன் கோவிலுக்குக் கிளம்பிய நாள்தான் மனத்தில் நிற்கிறது. டோபி காட் நிலையத்தில் இறங்கி வட்டப் பாதை ரயிலுக்கு மாற வேண்டும். மின்படிகளில் கீழே, இன்னும் கீழே என்று போய்க்கொண்டிருந்தபோது அத்தை கைப்பிடியைப் பற்றியபடி, "மேலேதான் சிவன் கோவில் இருந்தது" என்றார். பையன் அண்ணாந்து பார்த்தான். விளம்பரப் பலகைதான் தெரிந்தது.

ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்த அந்தக் கோவிலை எம்ஆர்டி ரயில் பாதை வேலைக்காக 1983இல் காலி செய்தார்கள். அதற்கும் முன்னால் சிவன் போத்தோங் பாசிரில் இருந்தார் என்பார்கள். பிறகு சிராங்கூன் சாலையில், பெருமாள் கோவிலை ஒட்டித் தற்காலிக இடம். கேலாங் ஈஸ்ட்டில் கும்பாபிஷேகம் நடந்தது 1993இல். "பத்து வருஷம் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர்" என்று அத்தை ரயிலில் பையனிடம் சொல்லிக்கொண்டு வந்தார். "தினமும் காலையில் பெருமாளைப் பார்த்துவிட்டு, இவரையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பேன்."

பாய லேபாரில் இறங்கி நடந்தோம். எண்கோண வடிவில் கட்டிய கோவில். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. சாதாரணச் சாயங்காலத்தில் இவ்வளவு கூட்டமா என்று விழித்துக்கொண்டு உள்ளே போனால், நந்திக்குப் பால் அபிஷேகம் நடக்கிறது. பிரதோஷம்! அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. நாற்பது வருஷமாகப் பிரதோஷம் தவறாதவர். தேதி கிழிக்கும் காலண்டரும் அந்தப் பெட்டிக்குள்தானே இருக்கிறது.

பால் நந்தியின் நெற்றியில் விழுந்து, கழுத்து மணிகளின் இடுக்கில் கொஞ்சம் தேங்கி, பிறகு முன்னங்கால் வழியே இறங்கியது. அறுகம்புல் மாலை சாத்தினார்கள். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு எக்கி, இரண்டு கொம்புகளுக்கு நடுவே சிவனைப் பார்த்தார். உதடு அசைந்தது. நான் இவ்வளவு கிட்டத்தில் நின்றும் கேட்டது ஒரு துண்டுதான்: "...நீயும் மூன்று வீடு பார்த்தவன்தானே."

காப்பரிசியைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு வெளியே திண்டில் உட்கார்ந்தோம். வெல்லம் பல்லில் ஒட்டியது. யாருக்கும் எழுந்திருக்க மனமில்லை. அத்தை மட்டும், நேரமாகிறது, கடை மூடுவதற்குள் பூ வாங்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார். ஒரு முழம் போதாதா என்றதற்கு, "எத்தனை படம் இருக்கிறது தெரியுமா உனக்கு?" என்றார்.

மறுநாள் ஆறு மணிக்கே வீட்டில் கத்தரிக்கோல் தேடும் சத்தம். கூடம் முழுக்கப் பழைய தமிழ் முரசுத் தாள்கள். "கிழக்கு எந்தப் பக்கம், தம்பி?" என்று பையனை எழுப்பிக் கேட்டார். அவன் பாதித் தூக்கத்தில் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து நீட்டினான். அத்தை அதை நம்பவில்லை. மீனாட்சியம்மன் படத்தை இடுப்பில் அணைத்தபடி கதவைத் திறந்துகொண்டு, சூரியனைப் பார்க்க நடைபாதைக்குப் போனார்.