சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் போதாது

தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் பால்வினைத் தொற்று அதிகம் என்ற செய்தி வரும்போதெல்லாம், அதை ஒழுக்கக் கணக்காகவே நம் ஊரில் படிக்கிறார்கள். இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. கண்காணிப்பு ஆய்வில், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே 3.26 விழுக்காட்டினருக்கும் திருநங்கையரிடையே 3.78 விழுக்காட்டினருக்கும் தொற்று இருந்தது. நாட்டில் வயதுவந்தோரின் சராசரியோ 0.2 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இவ்வளவு பெரிய இடைவெளிக்கு முதற்காரணம் உடலமைப்பு. மலக்குடலின் உட்சவ்வு ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது, எளிதில் கீறல் விழும், எச்.ஐ.வி. பற்றிக்கொள்ளும் நோயெதிர்ப்புச் செல்கள் அதற்கடியிலேயே நெருக்கமாக இருக்கின்றன. ஆண்களோடு உறவுகொள்ளும் என்னைப் போன்றவர்களின் வட்டம் சிறியது என்பது இரண்டாவது காரணம். குறைவான துணைகளோடு இருப்பவரையும், அந்தத் துணைகளின் துணைகள் வழியாகத் தொற்று விரைவில் எட்டிவிடும்.

இவை இரண்டும் தெரிந்தவைதான். நான் எழுத நினைத்தது மூன்றாவதைப் பற்றி. வெட்டை நோய் எனப் பெரியவர்கள் சொல்லும் கொனோரியாவும், கிளமிடியா என்னும் இன்னொரு பால்வினைத் தொற்றும் தொண்டையிலும் ஆசனவாயிலும் தங்கும்போது பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. பால்வினை நோய்களைப் பார்க்கும் நம் அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் நெடுங்காலமாக அறிகுறியைக் கேட்டே மருந்து தருகிறார்கள். ஒவ்வொரு அறிகுறித் தொகுப்புக்கும் ஒரு நிறத்தில் மாத்திரைப் பொட்டலம் உண்டு. சீழ் வடியும் ஆணுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் வலியோ கசிவோ இல்லாமல் மலக்குடலில் கிருமியைச் சுமப்பவர், சிறுநீரில் ஒன்றுமில்லை என்ற அறிக்கையோடு நிம்மதியாக வீடு திரும்பிவிடுகிறார். அந்த இடங்களிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, கொரோனா காலத்தில் பழகிப்போன பி.சி.ஆர். வகைப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். அதற்கு எவ்வகை உறவு என்று மருத்துவர் கேட்க வேண்டும். எனக்குத் தனியார் மருத்துவமனைகளில் கிடைத்த கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “கல்யாணம் ஆயிடுச்சா, தம்பி?” ஆகவில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆகிவிட்டது என்று சொல்பவர்களிடமும் முடிந்துவிடுகிறது என்பதுதான் கொடுமை. ஆண்களோடும் உறவுள்ள கணவனுக்குத் தெரியாமல் இருக்கும் சிபிலிஸ் என்னும் பால்வினை நோய், மனைவியையும் வயிற்றுப் பிள்ளையையும் எட்டக்கூடியது.

சிபிலிஸ் இன்னும் தந்திரமான நோய். முதற்புண் வலிக்காது, ஆசனவாய்க்குள் இருந்தால் கண்ணுக்கும் படாது, சில வாரங்களில் தானாக ஆறிவிடும். பிறகு உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்பு வரும்போது அதை உடற்சூடு என்றோ ஒவ்வாமை என்றோ நினைத்துக் களிம்பு தடவுகிறோம். தொடக்க நிலையில் பிடித்துவிட்டால் 24 லட்சம் அலகு பென்சாத்தீன் பென்சிலினை ஒரே முறை ஊசியாகப் போட்டாலே போதும். குணமான பிறகும், சிபிலிஸுக்கு எதிராக இரத்தத்தில் உருவான எதிர்ப்பொருளைக் காட்டும் டி.பி.எச்.ஏ. பரிசோதனை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் பாசிட்டிவ் என்றே காட்டும். அதைப் பார்த்துப் பதறாமல், சிகிச்சை பலித்ததா என்று காட்டும் ஆர்.பி.ஆர். என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனையின் அளவு இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

திருநங்கைகளின் நிலையை எங்களோடு சேர்த்து ஒரே வரியில் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வேறு வேலை தர ஆளில்லாமல் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டவர்கள் வாடிக்கையாளரிடம் ஆணுறையை வலியுறுத்தினாலும், பந்தியிடம், அதாவது கணவனாக வரித்துக்கொண்டவனிடம், அதைக் கேட்பது நம்பாததற்கு அடையாளமாகிவிடுகிறது. மருந்திலும் வேறுபாடு உண்டு. எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரையை உறவுக்கு முன்னும் பின்னும் மட்டும் போட்டுக்கொள்ளும் முறை ஆண்களுக்குப் பொருந்தும். ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளும் திருநங்கைகளுக்கு நாள்தோறும் போடும் முறையைத்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப் பிரிவின் பிடி தளர்ந்தது 2018 செப்டம்பர் 6-இல்; சம்மதமின்றி எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதையும் முடிவை வெளியிடுவதையும் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே மாதம் 10-இல். ஆகவே எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் அரசின் நம்பிக்கை மையத்திலோ வேறெங்கோ உண்மையைச் சொல்வதற்குச் சட்டம் இன்று தடையில்லை, கூச்சம்தான் தடை. நான் இப்போது கேள்விக்குக் காத்திருப்பதில்லை. “ஆண்களோடு உறவு உண்டு, தொண்டை, ஆசனவாய், சிறுநீர், மூன்றிலும் பார்க்க வேண்டும்” என்று உட்கார்ந்தவுடன் சொல்லிவிடுகிறேன். வேறொருவர் முன் ஆடை களையத் தயங்குகிறவர்கள் ஆசனவாய் மாதிரியைக் கழிப்பறைக்குள் தாங்களே எடுத்துத் தரலாமா என்று கேட்கலாம். குச்சியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்தால், மருத்துவப் பணியாளர் எடுத்த மாதிரிக்கு ஏறக்குறைய நிகரான முடிவையே அதுவும் தருகிறது.