ஓனர் அம்மா கொஞ்சம் கோபப்படுவார்

அம்மா நைனாவோடு பேசி ஒன்றரை நாள் ஆகிறது. காபி வருகிறது, சாப்பாடு வருகிறது, பேச்சு மட்டும் வரவில்லை. "தட்டு வெச்சாச்சுன்னு சொல்லு" என்று இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு என் வழியாகத் தாக்கல் போகிறது. இதற்குக் காரணம் குடியாத்தம் அத்தை என்று நினைத்தீர்களானால் பாதி சரி. மீதிப் பாதி கூகுள் மேப்.

நைனா ரிட்டயர் ஆனபோது நாங்கள் பயந்தது வேறு விஷயத்துக்கு. 31 வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி கரண்ட் ரீடிங் எடுத்த கால் சும்மா இருந்தால் சுகர் ஏறிவிடுமே என்று பயந்தோம். தம்பிதான் பெங்களூரிலிருந்து போன் வாங்கிவந்து, எல்லாம் தமிழில் தெரிகிற மாதிரி செட் பண்ணிக் கொடுத்தான். முதல் இரண்டு மாதம் ஊரோடு ஒத்து ரோஜாப்பூ, சூரியன், காலை வணக்கம். அப்புறம் ஒரு நாள் டீக்கடைக்குப் போய்விட்டு வந்தவரைப் போன் கேட்டிருக்கிறது: 'இந்த இடம் எப்படி இருந்தது?'

பிறந்ததிலிருந்து அவரை யாருமே கேட்காத கேள்வி அது. அம்மா கூட சமையல் எப்படி என்று கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயம்தான்.

அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. அட்டையில் ரீடிங் எழுதிப் பழகின கை என்பதால் ரிவ்யூவில் அலங்காரம் இருக்காது. மீட்டரில் என்ன ஓடியதோ அதுதான். பாலாற்றுக்கு முதலில் ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். 'தண்ணீர் இல்லை. மணலும் குறைந்துவிட்டது. வண்டி நிறுத்த இடம் தாராளம்.' 2021 நவம்பரில் வெள்ளம் வந்ததே, அன்றைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு பாலத்துக்கு ஓடினார். அம்மா தெருமுனை வரை திட்டிக்கொண்டே போனார். இவர் பாலத்திலேயே நின்று ரிவ்யூவைத் திருத்தி 5 ஆக்கினார்: 'கரை புரண்டு ஓடுகிறது. கூட்டம் அதிகம்.' வெள்ளம் வடிந்ததும் 2-க்கு இறக்கினார். ஏன் பழையபடி 1 இல்லை என்று கேட்டதற்கு, "ஒரு வாட்டி வந்துச்சில்ல" என்றார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஏடிஎம்முக்கு 4. 'பணம் இல்லை. ஏசி உண்டு. மே மாதத்துக்கு ஏற்றது.' வேலூர்க் கோட்டைக்கு 4. '1806-ல் இங்கு சிப்பாய்கள் எழுந்தார்கள். நாம் உட்கார பெஞ்சு போதாது.' பெரியப்பா போனபோது ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கும் எழுதியிருக்கிறார். 'அமைதியான இடம். மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். மீண்டும் வருவேன்.' இதை பெரியம்மா படிக்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் இன்னும் அந்த வீட்டுக்குப் போய்வருகிறோம்.

இதற்குப் பாயிண்ட் வேறு உண்டு. ரிவ்யூ எழுதினால் 10. 200 எழுத்துக்கு மேல் எழுதினால் இன்னும் 10. போட்டோவுக்கு 5. மேப்பில் இல்லாத இடத்தைச் சேர்த்தால் 15. 1,500 தாண்டி நைனா ஆறாவது லெவலுக்கு வந்துவிட்டார். ஏழாவதற்கு 5,000 வேண்டுமாம். இத்தனை பாயிண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு டீ கிடைக்குமா என்று அம்மா கேட்டார். கிடைக்காது. ஆனால் சர்வீஸில் இருந்த காலத்தில் ஒரு பிரமோஷனுக்காக அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்பது தெரிந்தவர்கள் இந்த ஆறாவது லெவலைக் கேலி செய்ய மாட்டார்கள். நான் செய்தேன். அது வேறு.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

ஆன்லைனில் எது வாங்கினாலும் நைனா விலாசத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று சேர்த்துவிடுவார். 1989-ல் அந்த மாவட்டத்தைப் பிரித்தார்கள். 2019-ல் வேலூரையும் மூன்றாக வெட்டினார்கள். அவர் இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. டெலிவரி பையன்கள் பேஸ் 1, பேஸ் 2 என்று எங்கள் ஏரியா சத்துவாச்சாரி முழுக்கச் சுற்றிவிட்டு, "சார், எங்க சார் கீறீங்க?" என்று போன் பண்ணுவார்கள். இந்தத் தொல்லை வேண்டாமென்று வீட்டையே மேப்பில் ஏற்றிவிட முடிவு செய்தார். பேர்: செல்வி இல்லம். அதுதான் கேட்டில் இருக்கிறது. அடுத்து, இது என்ன வகை இடம் என்று கேட்டிருக்கிறது. 'இல்லம்' என்று தட்டியிருக்கிறார். கீழே வரிசையாக வந்ததில் முதலில் இருந்ததை அழுத்திவிட்டார்.

விருந்தினர் இல்லம்.

15 பாயிண்ட் வந்தது. அதோடு நிறுத்தினாரா? கேட், துளசி மாடம், மாடி ரூம், கத்திரிக்காய்க் குழம்பு என்று நாலு போட்டோ. 200 எழுத்துக்கு மேல் ரிவ்யூ. அதில் சில வரி: 'மூன்று வேளையும் சூடான சாப்பாடு. தண்ணீர் 24 மணி நேரமும் வரும். காற்றோட்டமான மாடி அறை. ஓனர் அம்மா கொஞ்சம் கோபப்படுவார்.' இதில் கடைசி வரி தவிர மற்ற எதற்கும் நான் பொறுப்பில்லை. குடும்ப வாட்ஸப் குரூப்பில் லிங்கைப் போட்டார். சொந்தபந்தம் சும்மா இருக்குமா? ஒன்பது பேர் கொத்தாகப் போய் 5 நட்சத்திரம் போட்டுவிட்டு வந்தார்கள், அதில் நானும் ஒருத்தி என்பதை ஒத்துக்கொள்கிறேன். அத்தை மட்டும் 3. 'சாப்பாடு பரவாயில்லை. என் தம்பி கல்யாணத்துக்கு முன்னால் இருந்த கவனிப்பு இப்போது இல்லை.'

மொத்தம் 11 ரிவ்யூ. சராசரி 4.8. காந்தி ரோட்டில் பாதி லாட்ஜுக்கு இந்த மார்க் இருக்காது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்தேகால். வாசலில் ஆட்டோ. ஆட்டோக்காரர் நைனாவுக்குத் தெரிந்தவர். அந்தக் காலத்தில் ரீடிங் எடுத்த வீடு.

"இன்னா சார், சொல்லாம கொள்ளாம லாட்ஜ் போட்டுட்டீங்க? மூணு தாதாங்க வந்துகிறாங்க பாருங்க."

வேலூரில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தாதாவைக் கேட்டால் பயம் வராது. காட்பாடி ஸ்டேஷனில் பெட்டியோடு இறங்குகிற வங்காளத்துக்காரர் யாராக இருந்தாலும் கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் தாதாதான், பெண்ணாக இருந்தால் தீதி. ஆனால் தம்பி பெண்டாட்டி தஞ்சாவூர்க்காரி, இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவள், காபி ரெடி என்று சொன்ன பிறகுதான் வந்தாள்.

வந்தவர்கள் மூன்று பேர். அறுபது வயசு மதிக்கத்தக்க ஒருவர், அவர் சம்சாரம், இருபத்தைந்து வயசுப் பையன். ஹவுரா வண்டியில் ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்து வந்த களைப்பு மூன்று முகத்திலும் இருந்தது. பையன் போனை நீட்டினான். எங்கள் கேட், எங்கள் துளசி மாடம், எங்கள் கத்திரிக்காய்க் குழம்பு.

நைனா உடனே அவர் போனில் மொழிபெயர்க்கிற சமாச்சாரத்தை எடுத்தார். போனை வாய்க்கு நேராக மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, "இது லாட்ஜ் இல்லைங்க. வீடு. தப்பு நடந்துபோச்சு" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். போன் ஒரு பெண் குரலில் வங்காளியில் ஏதோ சொன்னது. என்ன சொன்னதோ, மூன்று பேரும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்கள்.

இந்த நேரத்தில் அம்மா வந்தார். நைட்டி, தோளில் துண்டு.

"இன்னாத்துக்கு இவ்ளோ பேரு நிக்கிறாங்க?"

நைனா நடந்ததைச் சொன்னார். மேப், 15 பாயிண்ட், விருந்தினர் இல்லம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் நம்முடைய சராசரி 2-க்கு வந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. ஆட்டோவில் திருப்பி அனுப்புவதா, காந்தி ரோடா, பாபுராவ் தெருவா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது நைனா அந்த வார்த்தையை விட்டார்.

"சாமியே நம்ம சத்துவாச்சாரியில தங்கிகினு அப்புறந்தான் கோட்டைக்குப் போச்சு. மனுஷன் தங்கக்கூடாதா?"

இது அவருடைய பழைய ரெக்கார்டு. சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைக் கேலி பேசுவார்கள் இல்லையா (அஞ்சாவதாக ஒன்று உண்டு, அதை அம்மா எதிரில் யாரும் சொல்வதில்லை), அதில் சாமி விஷயம் 1981-ல் தீர்ந்துபோனது. ஜலகண்டேஸ்வரர் லிங்கம் அதுவரைக்கும் எங்கள் சத்துவாச்சாரிக் கோயிலில்தான் இருந்தது, இங்கிருந்துதான் கோட்டைக்குள் போனது. நைனா அதை ஏதோ எங்கள் மாடி ரூமில் வைத்திருந்த மாதிரியே பேசுவார்.

"சாமிக்கு நீங்க மாடி ரூம் குடுக்கல. அங்க என் வத்தல் காயுது" என்றார் அம்மா.

சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் கையைப் பார்த்தார். ஒரு துணிக்கடைப் பை. அதில் இரண்டு கைக்கும் அடங்காத பைல், எக்ஸ்ரே கவர் மடங்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பையன் அப்பாயின்ட்மென்ட் தாளைக் காட்டினான். சிஎம்சி ஆஸ்பத்திரி, ராணிப்பேட்டை கேம்பஸ், திங்கள் காலை எட்டு மணி. 2022-ல் ரத்தினகிரி பக்கம் அதைத் திறந்த பிறகு சத்துவாச்சாரி நடுவழியில் வந்துவிட்டது. மேப்பில் பார்த்தால் எங்கள் வீடு அவர்களுக்கு நிஜமாகவே வசதி.

அம்மா ஒன்றும் பேசவில்லை. மாடிக்குப் போய் வத்தலை வாரிக்கொண்டு இறங்கினார். ஹீட்டர் போடுகிற சத்தம் கேட்டது.

ஆறு நாள் இருந்தார்கள். முதல் நாள் அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பதும் நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதுமாகவே போனது, தாடை வலித்தது. இரண்டாம் நாள் நைனா மார்க்கெட்டிலிருந்து முள்ளு கத்திரிக்காய் வாங்கி வந்தார். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை போன் மூலம் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார், போன் வழக்கம்போல் தன் இஷ்டத்துக்கு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அதைக் காதில் வாங்காமல், ஒரு கத்திரிக்காயை எடுத்து, காம்பு முள் குத்திவிட, "உஃப்" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "பேகுன்" என்றார். அம்மா, "கத்திரிக்கா" என்றார். அவ்வளவுதான், அதற்கப்புறம் போன் தேவைப்படவில்லை. வட்டவட்டமாக விரல் தடிமனுக்கு நறுக்கி, மஞ்சளும் உப்பும் தடவி, பெட்டிக்குள்ளிருந்து ஊரிலிருந்து கொண்டுவந்த கடுகெண்ணெய் பாட்டிலை எடுத்துத் தோசைக்கல்லில் ஊற்றினார். புகை கிளம்பி வீடு முழுக்க மூக்கு எரிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கடுகெண்ணெயைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற எங்கள் அம்மா நாலு துண்டு தின்றார். நாலையும் நான் எண்ணினேன்.

அந்தப் பெரியவருக்கு உடம்புக்கு என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த அம்மாள் ஒருநாள் ராத்திரி நெஞ்சில் கையை வைத்துக் காட்டியதை அம்மா எனக்குக் காட்டினார், அதோடு சரி. மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்களாம். பணம் கொடுத்தார்கள், நைனா வாங்க மாட்டேன் என்றார், அவர் விடமாட்டேன் என்றார், வாசலில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மொழியில் சண்டை போட்டார்கள். கடைசியில் ஆட்டோக்காரருக்கு நைனா கொடுத்த காசை மட்டும் ஜேபியில் திணித்துவிட்டுப் போனார்.

போன மறுநாளே மேப்பில் சரி பண்ணிவிடலாம் என்று நான் உட்கார்ந்தேன். எடுக்கப் போனால், 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று போடவா என்று கேட்கிறது. அம்மா பதறிவிட்டார். "குடியிருக்கிற வீட்டுக்கு அப்படி எழுதுவாங்களாடீ?" அதனால் அது அப்படியே இருக்கிறது.

அந்தப் பையன் ஊருக்குப் போய் ரிவ்யூ போட்டிருந்தான். 5 நட்சத்திரம், ஒரு போட்டோ. போட்டோவில் அம்மாவும் அவன் அம்மாவும் அடுப்பு முன்னால் நின்று எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அம்மா நைட்டியில். "இத மொதல்ல எடு" என்று ஒரு நாள் முழுக்கக் கத்தினார். எழுதியிருந்ததைத் தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். ஐந்தாறு வரி குழப்படி, கத்திரிக்காய் பற்றி ஏதோ இருந்தது. கடைசி வரி மட்டும் சுத்தமாக வந்தது: 'உரிமையாளர் அம்மா கோபப்படவில்லை. மேலே எழுதப்பட்டிருப்பது தவறான தகவல்.'

அம்மா அதை மூன்று தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் நைனாவைக் கூப்பிட்டு அவர் ரிவ்யூவில் அந்த வரியை எடுக்க வைத்தார். போட்டோவை எடுக்கச் சொல்வதை நிறுத்திவிட்டார். ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்கிறார்.

எல்லாம் நேற்றுக் காலை வரைக்கும். அத்தை போட்டோவைப் பார்த்துவிட்டார். 3 நட்சத்திரத்தை 2 ஆக்கி, ரிவ்யூவையும் மாற்றிவிட்டார்: 'முன்பின் தெரியாதவர்களுக்கு ஆறு நாள். கூடப் பிறந்தவளுக்கு ஒரு வாய் காபி.' நைனா கணக்குப் போட்டுப் பார்த்தார். 4.83 இருந்தது 4.75 ஆகிவிட்டதாம். வெளியே பழையபடி 4.8 என்றுதான் காட்டும், ஆனால் உள்ளே குறைந்துவிட்டது என்று அதற்கு வருத்தப்பட்டுக்கொண்டே, கை பழக்கத்தில், அத்தை ரிவ்யூவுக்குக் கீழே இருந்த லைக்கை அமுக்கிவிட்டார்.