வாக்குக் கொடுப்பது ஒருவர், வாசலில் நிற்பது இன்னொருவர்

அமெரிக்காவில் ஒரு குடும்பம், சாவை நெருங்கிவிட்டவரை வலியில்லாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் சேவையில் சேரும் நாளில், அவர்கள் சாப்பாட்டு மேசையில் தடிமனான ஒரு ஃபோல்டர் வந்து உட்காரும். அதன் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். "எந்த நேரமும் கூப்பிடுங்கள். நடுராத்திரி ஆனாலும் நர்ஸ் வருவார். அப்பாவுக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம். இனிமேல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம்." இதைச் சொல்பவர் பெரும்பாலும் கம்பெனியின் மார்க்கெட்டர் அல்லது அட்மிஷன் நர்ஸ். கையெழுத்து வாங்கியதும் அவர் கிளம்பிவிடுவார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியவர் மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும் நர்ஸ்தான். டெக்சாஸில், டல்லஸுக்கு வடக்கே, நான் பல வருடங்கள் பார்த்த வேலை அது.

சாகப்போகிறவர்களோடு தினமும் இருக்கிறாயே, மனசு தாங்குகிறதா என்று திருச்சியில் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நல்லபடியாக நடந்த சாவு என்னைத் தூங்கவிடாமல் செய்ததில்லை. வலி அடங்கி, பிள்ளைகள் பக்கத்தில் இருக்க, தன் கட்டிலில் ஒருவர் போய்ச்சேர்ந்தால், அந்த வீட்டிலிருந்து திரும்பும்போது ஒரு நிறைவுதான் இருக்கும். என்னை உருக்குலைத்தது எங்கள் நிர்வாகம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நோயாளிகளின் அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் பணம் வரும் வழியைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மற்றது புரியாது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், ஹாஸ்பிஸுக்குப் பணம் தரலாம் என்று 1982இல் சட்டம் வந்தது. நோய் அதன் போக்கில் போனால் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்று இரண்டு டாக்டர்கள் சான்று தர வேண்டும். அதன்பின் ஹாஸ்பிஸுக்கு நாள்கணக்கில் பணம். 2025 நிதியாண்டில் அது, வீட்டில் இருக்கும் நோயாளிக்கு முதல் 60 நாளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 225 டாலர், அதற்குப் பிறகு 177 டாலர் அளவில் இருந்தது. அன்றைக்கு நர்ஸ் போனாலும் அந்தத் தொகைதான், போகாவிட்டாலும் அதேதான். நர்ஸ் சம்பளம், குளிப்பாட்டிவிட வரும் உதவியாளர் சம்பளம், மருந்து, கட்டில், ஆக்சிஜன் மெஷின், டயப்பர் எல்லாம் அதிலிருந்துதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல எண்ணம் இருந்தது. ஒவ்வொரு ஊசிக்கும் பில் போடாமல், நோயாளிக்கு எது தேவையோ அதைச் செய்துகொள்ளுங்கள் என்று ஹாஸ்பிஸின் கையில் விட்டார்கள். நான் முதலில் சேர்ந்த இடம் அப்படித்தான் நடந்தது. உள்ளூர் டாக்டர்கள் சிலரும் ஒரு தேவாலயமும் சேர்ந்து ஆரம்பித்த லாபநோக்கற்ற நிறுவனம். எங்கள் டைரக்டர் பழைய நர்ஸ். அவர் கார் டிக்கியில் எப்போதும் ஒரு பை தயாராக இருக்கும். ஒரே ராத்திரியில் இரண்டு வீடுகளில் நிலைமை மோசமானால் ஒரு வீட்டுக்கு அவரே போய்விடுவார். ஒரு நர்ஸ் கையில் பன்னிரண்டு, பதின்மூன்று நோயாளிகள் இருப்பார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர், போதகர் எல்லோரும் கூடி ஒவ்வொரு நோயாளியையும் பற்றிப் பேச வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டம், இரண்டு வாரத்தில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துத்தான் தொடங்கும். அவர்களைக் கவனித்தவர்கள் இரண்டு வார்த்தை பேசுவார்கள். ஒருவர் அழுதால் மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

அந்த நிறுவனத்தைப் பல மாநிலங்களில் கிளை வைத்திருந்த முதலீட்டாளர் கம்பெனி ஒன்று வாங்கியது. நாள்கணக்குப் பணம் அதே பணம்தான். ஆனால் நாங்கள் போகும் ஒவ்வொரு விசிட்டும் இப்போது செலவுக் கணக்கில் ஏறியது. டைரக்டரை அனுப்பிவிட்டார்கள். வந்தவர் ஒரு நோயாளியின் வீட்டுக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. பெயர் வாசிப்பது நேர விரயம் என்று நிறுத்தினார். கூட்டத்தில் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு நர்ஸின் பொறுப்பில் இருபது பேர் ஆனார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பாயின்ட் என்று கணக்கு வந்தது. வழக்கமான விசிட்டுக்கு ஒரு பாயின்ட், அட்மிஷனுக்குக் கொஞ்சம் அதிகம். யு.எஸ். 75 நெடுஞ்சாலையில் ஷெர்மன் வரை போய்த் திரும்பும் நேரத்துக்குப் பாயின்ட் கிடையாது. மகளோடு சமையலறையில் நின்று, "இன்னும் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், வெளியூரில் இருக்கும் அண்ணனை வரச்சொல்லுங்கள்" என்று மெதுவாகச் சொல்லும் அரைமணி நேரத்துக்கும் கிடையாது. ஹாஸ்பிஸ் வேலையின் உயிரே அந்த அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது.

வெட்டு முதலில் விழுந்தது குளிப்பாட்டும் உதவியாளர்கள் தலையில். மணிக்கு இருபது டாலர்கூட வாங்காதவர்கள் அவர்கள். நோயாளியின் உடம்பை எங்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவர்களும் அவர்கள்தான். இடுப்பில் புதிதாகச் சிவந்திருக்கிறது, நேற்றைக்கு விழுங்கியவர் இன்று விழுங்கவில்லை என்று முதல் தகவல் அவர்களிடமிருந்துதான் வரும். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர், மகன் வீட்டில், பிளேனோவில் இருந்தார். இதயம் பலவீனமாகி இரண்டு காலும் வீங்கியிருந்தன. மொழி தெரிந்தவள் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். அவரைக் குளிப்பாட்ட வாரத்தில் ஐந்து நாள் ஒரு மெக்சிகோ நாட்டுப் பெண் வந்தாள். பாட்டிக்கு ஆங்கிலமும் தெரியாது, ஸ்பானிஷும் தெரியாது. ஆனால் அந்தப் பெண் தலைவாரி, சேலையைச் சுற்றிவிட்டு, ஒருமுறை மருமகள் காட்டிக்கொடுத்ததை வைத்து நெற்றியில் மூன்று விரலால் திருநீறு இழுத்துவிடுவாள். பாட்டி கண்ணை மூடி முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஐந்து நாளை இரண்டு நாளாக்கினார்கள். நான் காரணம் கேட்டேன். இந்த நோய்க்கு இத்தனை விசிட் என்று கம்பெனி முழுவதற்கும் ஒரே அளவாம். "அந்தப் புள்ள இன்னிக்கும் வரலையா கண்ணு?" என்று பாட்டி என்னைக் கேட்டார். மகன் என்னைக் கூடத்துக்குக் கூட்டிப்போய், "அக்கா, நாங்க ஏதாவது தப்பா நடந்துக்கிட்டோமா? அவங்க மனசு கஷ்டப்படுற மாதிரி ஏதாவது பேசிட்டோமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் உண்மையான பதில் சொல்ல முடியவில்லை. கம்பெனி முடிவுகளைக் குடும்பத்தினரிடம் பேசக்கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். அவர்களிடம் ஒரு தப்பும் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

அடுத்து, ராத்திரி அழைப்புகளை வேறொரு மாநிலத்தில் இருந்த கால் சென்டருக்கு மாற்றினார்கள். மருந்தை உள்ளூர் மருந்துக்கடையில் வாங்குவதை நிறுத்தி, தொலைவிலிருந்து கூரியரில் அனுப்பும் கடையோடு ஒப்பந்தம் போட்டார்கள். தனித்தனியாகப் பார்த்தால் சிக்கன நடவடிக்கைகள். இரண்டும் சேர்ந்தபோது என்ன நடந்தது என்று ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பார்த்தேன்.

நுரையீரல் புற்றுநோய் முற்றிய பெரியவர் ஒருவரை அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டில் வந்தது, ஆக்சிஜன் வந்தது. நாங்கள் கம்ஃபர்ட் கிட் என்று சொல்லும் சின்னப் பெட்டி மட்டும் வரவில்லை. கன்னத்துக்குள் விடும் மார்ஃபின் திரவம், பதற்றத்துக்கு லோரசெபாம், தொண்டையில் கரகரக்கும் சளிக்குச் சொட்டு மருந்து, இவ்வளவுதான் அதில் இருக்கும். மூச்சுத்திணறலுக்கு மார்ஃபின் கொடுத்தால் சிறிது நேரத்தில் முகம் தெளிவதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய நாளாக இருந்தால் அந்தப் பெட்டி வராமல் அவரை வீட்டுக்கு அனுப்பவே விட்டிருக்க மாட்டோம். இப்போது வெள்ளிக்கிழமைக்குள் அட்மிஷன் எண்ணிக்கை சேர வேண்டும் என்று நெருக்குவார்கள்.

ராத்திரி அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மகள் அந்த ஃபோல்டரில் இருந்த எண்ணுக்கு அடித்தார். அரைமணி நேரத்தில் நர்ஸ் கூப்பிடுவார் என்றது கால் சென்டர். நாங்கள் பார்த்த மூன்று கவுன்டிகளுக்கும், அதாவது மாவட்டங்களுக்கும், சேர்த்து அன்றிரவு இருந்த ஒரே நர்ஸ் நான். அப்போது எதிர்த்திசையில், சற்று முன் இறந்துபோன ஒரு அம்மாளின் வீட்டில் இருந்தேன். செய்தி என் கைக்கு வந்தபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது. காரில் ஏறிக்கொண்டே டாக்டரை அழைத்து, இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் மருந்துக்கடை ஒன்றுக்கு மார்ஃபின் எழுதச் சொன்னேன். ஒப்பந்தத்துக்கு வெளியே வாங்க மேலாளரின் அனுமதி வேண்டும். மேலாளர் போனை எடுக்கவில்லை. என் கையிலிருந்து பணம் கட்டி வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. மகள் அவசர எண்ணான 911ஐக் கூப்பிட்டிருந்தார். அப்பா திணறுவதைப் பார்த்துக்கொண்டு எந்த மகள்தான் சும்மா இருப்பாள்? ஆஸ்பத்திரி வேண்டாம், என் வீட்டில்தான் சாவேன் என்று சொல்லிக் கையெழுத்திட்டிருந்த அந்த மனிதர், விடியுமுன் அவசரப் பிரிவில், முன்பின் தெரியாதவர்கள் நடுவே இறந்தார்.

"ஒரு போன் போதும்னு சொன்னீங்களே" என்றார் மகள் என்னிடம். அதைச் சொன்னவள் நானில்லை. ஆனால் அவர் எதிரே கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றவள் நான்தான்.

திங்கட்கிழமை கூட்டத்தில் அந்த இறப்புக்கு எதிரே, அவசர எண்ணை அழைப்பதற்கு முன் ஹாஸ்பிஸை அழைக்கும்படி குடும்பத்தினருக்குக் கூடுதல் அறிவுரை தேவை என்று எழுதினார்கள். அழைத்துத்தானே இருந்தார், கால் சென்டரில் நேரத்தோடு பதிவாகியிருக்கிறதே என்று நான் சொன்னேன். என் ஓவர்டைம் பற்றித் திருப்பிக் கேட்டார்கள். மருந்துக்குக் கட்டிய பணத்தைத் தரவில்லை. அந்த மகள்மீது பழி போட்டதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

ஒரு கம்பெனியின் கதையாக மட்டும் இதைப் பார்க்க வேண்டாம். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, 2014 நிதியாண்டில் மெடிகேர் ஹாஸ்பிஸில் இறந்தவர்களில் 12.3 சதவீதம் பேரைக் கடைசி இரண்டு நாளில் நர்ஸோ டாக்டரோ சமூகப் பணியாளரோ யாரும் வந்து பார்க்கவில்லை என்றது. அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2019இல் தந்த அறிக்கைப்படி, 2012 முதல் 2016 வரை சோதனைக்கு உள்ளான ஹாஸ்பிஸ்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவற்றில் ஏதாவது ஒரு குறை இருந்தது. லாபநோக்குள்ள ஹாஸ்பிஸ்களில் புற்றுநோய்க்காரர்கள் குறைவாகவும், மறதி நோய்க்காரர்கள் அதிகமாகவும் இருப்பதாக 2011லேயே ஓர் ஆய்வு காட்டியது. புற்றுநோய்க்காரர் தாமதமாக வருவார், நிறைய விசிட் கேட்பார், சீக்கிரம் போய்விடுவார். மறதி நோய்க்காரர் மாதக்கணக்கில் இருப்பார், அவருக்குச் செலவு குறைவு. அப்படி நீண்டகாலம் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு ஹாஸ்பிஸுக்குத் தரும் பணத்துக்கு மெடிகேர் வைத்திருக்கும் வருட உச்சவரம்பை நெருங்கும்போது, "நிலைமை தேறிவிட்டது" என்று விடுவிப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆறு மாதமாக மோசமாகிறார் என்று எங்களை எழுதச் சொன்னவர்களே அதைச் செய்தார்கள். கட்டிலைக்கூட எடுத்துக்கொண்டு போனார்கள். லாபத்துக்காக நடக்கும் இடங்களிலும் நேர்மையான மேலாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வேலை செய்யும் தோழிகள் எனக்கு உண்டு. ஆனால் இன்று அமெரிக்க ஹாஸ்பிஸ்களில் குறைந்தது நான்கில் மூன்று லாபநோக்குள்ளவை.

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு சமூகப் பணியாளர், கடைசியில் டாக்டர். வலி வந்தபின் கெஞ்சவிட்டு மருந்து கொடுக்காமல், வலி வருமுன் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று நிலைநாட்டியவர். 1974இல் அந்த வேலையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமான ஃப்ளாரன்ஸ் வால்டும் நர்ஸ்தான். கட்டிலருகே நின்றவர்கள் கட்டிய துறை இது. அதில் கட்டிலருகே நிற்பவர்களின் பேச்சுக்கு இன்று மதிப்பில்லை என்பது எனக்கு மிகவும் வலிக்கிறது.

நல்ல நர்ஸ்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். முதலில் போனவர், ராத்திரி பத்து மணிக்கும் பெட்ரோல் பங்க் விளக்கு வெளிச்சத்தில் காரில் உட்கார்ந்து சார்ட் எழுதிக்கொண்டிருந்த ஒரு பிலிப்பைன்ஸ் நாட்டு அக்கா. அவரிடம் இருந்த நோயாளிகளை எங்களுக்குப் பிரித்துக்கொடுத்தார்கள், அந்தப் பாரம் தாங்காமல் அடுத்தவர் போனார். ஒரே மாதத்தில் மூன்றாவது நர்ஸின் முகத்தைப் பார்க்கும் நோயாளி, தன் பயத்தை யாரிடம் சொல்வார்? மனவலிமைப் பயிற்சி என்று எங்களுக்கு ஒரு வீடியோ அனுப்பினார்கள். இன்னும் இரண்டு நர்ஸ்கள் வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். பிறகு நானும் விலகி, ஒரு சிறிய லாபநோக்கற்ற ஹாஸ்பிஸில் சேர்ந்தேன்.

இங்கே பெற்றோரை வைத்திருக்கும் நம்மவர்கள் இப்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு எந்த ஹாஸ்பிஸ் நல்லது என்று கேட்கிறார்கள். நான் பெயர் சொல்வதில்லை, என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? ராத்திரி கூப்பிட்டால் போனை எடுப்பவர் எந்த ஊரில் இருப்பார், எத்தனை நர்ஸ்கள் வண்டியோடு தயாராக இருப்பார்கள்? கம்ஃபர்ட் கிட் அப்பா வீட்டுக்கு வருமுன் வந்துவிடுமா? மார்க்கெட்டர் பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். ஹாஸ்பிஸ்களை ஒப்பிட்டுப் பார்க்க மெடிகேர் நடத்தும் கேர் கம்பேர் இணையதளத்தில், ஒவ்வொரு ஹாஸ்பிஸும் எத்தனை சதவீத நோயாளிகளுக்குக் கடைசி மூன்று நாளில் குறைந்தது இரண்டு நாளாவது நர்ஸையோ சமூகப் பணியாளரையோ நேரில் அனுப்பியது என்ற விகிதம் இருக்கிறது. நட்சத்திரங்களை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள். சேர்ந்த பிறகு ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தாலும் மாட்டிக்கொண்டதாக நினைக்க வேண்டாம். டாக்டர் சான்று செல்லுபடியாகும் ஒவ்வொரு காலத்திலும் ஒருமுறை ஹாஸ்பிஸை மாற்றிக்கொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. பழைய ஹாஸ்பிஸ், புதிய ஹாஸ்பிஸ், மாறும் தேதி மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள் போதும்.