வலி எப்போது ஆரம்பித்தது?

சனிக்கிழமை ராத்திரி பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) மசாலா முட்டையும் சாப்பிட்டுவிட்டு தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்தேன். பதினொரு மணிக்கு வலது விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடித்தது. "கேஸ்தான்" என்று எல்லாரும் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். கோலி சோடா, ஓம வாட்டர், சூடு பறக்க ஒத்தடம். ஞாயிறு முழுக்க இப்படியே போனது. சாயங்காலம் காய்ச்சல் வந்த பிறகுதான் பயம் வந்தது.

திங்கள் காலை ஸ்கேன். பித்தப்பைச் சுவர் 6 மி.மீ. தடிப்பு (3 தாண்டினாலே கணக்கில் எடுப்பார்களாம்), பையின் கழுத்துப் பகுதியில் ஒரு கல் அடைத்து நிற்கிறது. முதலில் போன ஆஸ்பத்திரியில், "ஆன்டிபயாடிக் போட்டு அடக்கிடலாம், ஆறு வாரம் கழிச்சு ஆபரேஷன்" என்றார்கள். எனக்கும் அதுதான் இனித்தது. நர்ஸாக இருக்கும் அக்காதான் விடவில்லை. "இன்னொருத்தர்கிட்ட காட்டுடா."

இரண்டாவது டாக்டரம்மா விலாவுக்குக் கீழே விரலை அழுத்தி, "மூச்சை இழுங்க" என்றார். வலியில் பாதியிலேயே மூச்சு நின்றுவிட்டது. அடுத்த கேள்வி: "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" "நேத்துலேர்ந்து..." என்று இழுத்தேன். "சனிக்கிழமை பதினொண்ணு மேடம்," என்று மனைவி வெட்டினாள்.

"அப்ப இன்னும் 72 மணி நேரம் தாண்டல. நாளைக்குக் காலையிலயே பித்தப்பையை எடுத்துடலாம்" என்றார். முதல் சில நாள் வீக்கம் நீர்கோத்த மாதிரி இருக்கும், பிரித்தெடுக்கச் சுலபம். நாளாக ஆகச் சுற்றியுள்ளதோடு ஒட்டி இறுகிவிடும். ஒரு வாரம் வரைகூட செய்வார்களாம். ஆனால் ஆறு வாரம் காத்திருந்தால் நடுவில் மறுபடி வலி வரலாம், கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலை, கணையத்தில்கூட வீக்கம். இதயம், நுரையீரல் பலவீனமானவர்களுக்குத்தான் கணக்கு வேறு என்றார். துளை வழியே உள்ளே போய்ப் பார்த்துச் சிக்கலென்றால் வயிற்றைத் திறக்கவும் நேரும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு உள்ளே போனேன். 57 மணி நேரம். நாலு துளை, தொப்புளில் ஒன்று. பை விறைத்துக் கிடந்ததால் பிடியே கிடைக்கவில்லையாம், ஊசியால் பித்தநீரை உறிஞ்சிய பிறகுதான் பிடிக்க முடிந்தது என்றார். கண் விழித்ததும் வயிற்றைவிட வலது தோள்பட்டை வலித்தது. வயிற்றுக்குள் நிரப்பிய கார்பன் டை ஆக்ஸைடு செய்யும் வேலையாம். இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம், ஹார்ட் அட்டாக் என்றே நினைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை வீடு. சின்ன டப்பாவில் மிளகு மாதிரி மூன்று கல் கொடுத்தார்கள், பையன் எடுத்துக் குலுக்கிக்கொண்டே இருக்கிறான். அத்தோவை டாக்டர் தடுக்கவில்லை. வீட்டில்தான் தடை.