நடுவில் நிற்கும் 2ஏபி

14 ஜூலை 2023, வெள்ளி

சந்திரயான்-3 கிளம்பியபோது இங்கே சிங்கப்பூரில் மாலை 5:05. நான் கூட்ட நேரத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்டர்சேஞ்சில் தே சி குடிக்கும்போதுதான் காணொளியைப் பார்க்க முடிந்தது. ராக்கெட் கொண்டுபோய் விட்டது ஒரு நீள்வட்டத்தில்: பூமிக்குப் பக்கத்தில் 170 கி.மீ., தள்ளிப் போனால் 36,500 கி.மீ. நிலாவோ சுமார் 384,000 கி.மீ. தூரத்தில்.

"அப்போலோ 11 நாலே நாள்ல இறங்கிருச்சு. இது ஏண்ணே நாற்பது நாள் சுத்துது?" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. எரிபொருள் மிச்சம் என்றேன். சரி, எப்படி மிச்சம்?

18 ஜூலை, செவ்வாய்

மகளின் பழைய ஏ மேத்ஸ் (கூடுதல் கணிதம்) புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். அவள் பாலிடெக்னிக் போன பிறகு அதற்கு நான்தான் வாரிசு.

விடை எட்டாம் வகுப்பிலேயே இருக்கிறது: ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர். ஏ ஸ்கொயர், பி ஸ்கொயர், நடுவில் 2ஏபி. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இருக்கும் வேகம் ஏ, இன்ஜின் கூட்டுவது பி. கெப்ளர் சொன்னபடி பூமிக்கு அருகே வேகம் அதிகம். கணக்குப் போட்டால் வினாடிக்கு 10.3 கி.மீ. மறுமுனையில் வெறும் 1.6. இரண்டு இடத்திலும் ஒரே அளவு எரிபொருளில் 0.1 கூட்டினால், 2ஏபி இங்கே 2.06, அங்கே 0.32. கூடும் ஆற்றல் ஆறு மடங்குக்கு மேல்!

ஆனால் சின்ன இன்ஜின். எரித்து முடிப்பதற்குள் அந்த நல்ல இடம் தாண்டிப் போய்விடுகிறது. அதனால் அடுத்த சுற்றில் மறுபடி, அதற்கடுத்த சுற்றில் மறுபடி. அப்போலோவிடம் சாட்டர்ன் 5 ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கு இருந்தது, ஒரே மூச்சில் தள்ளிவிட்டது. வசதி உள்ளவன் டாக்ஸியில் போகிறான், அவ்வளவுதான்.

30 ஜூலை, ஞாயிறு

காலை 9 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் ஊர் செயற்கைக்கோள் டிஎஸ்-சார் போனது. 360 கிலோ. கூடவே சின்னதாக ஆறு. ரேடார் கண் என்பதால் மேகமோ இருட்டோ தடையில்லை. சிங்கப்பூர் வானத்துக்கு அதுதான் சரி.

535 கி.மீ. உயரம். வர்க்கமூலம் போட்டால் வேகம் வினாடிக்கு 7.6 கி.மீ., ஒரு சுற்றுக்கு 95 நிமிடம். பூமியும் அதே திசையில் சுழல்வதால் மறுபடி நம் தலைக்கு மேல் வர 102 நிமிடம் ஆகும். பூமத்திய ரேகையிலிருந்து பாதையின் சாய்வு 5 பாகைதான். நாம் 1.3 பாகை அட்சரேகையில் இருக்கிறோம், ஆகவே எல்லாச் சுற்றிலும் நம் பக்கம் வந்துவிடும், நாளுக்குப் பதினான்கு முறை.

எனக்குப் பிடித்தது வேறு. ஸ்ரீஹரிகோட்டா இருப்பது 13.7 பாகையில். எந்தச் சுற்றுப்பாதையின் தளமும் பூமியின் மையம் வழியாகப் போயாக வேண்டும். அங்கிருந்து நேரே ஏவினால் சாய்வு 13.7க்குக் கீழே வரவே வராது. பாதையைத் திருப்பினால்தான் 5. மொத்தமும் மேலே போன பிறகு திருப்புவதாக வைத்துக் கணக்குப் போட்டேன்: திருப்ப மட்டும் இன்ஜின் வினாடிக்கு 1.15 கி.மீ. வேகம் கொடுக்க வேண்டும். சைன் அட்டவணை இதற்கெல்லாம் உதவும் என்று அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை.

23 ஆகஸ்ட், புதன்

இரவு 8:34. சந்திரயான்-3 நிலாவில் இறங்கிவிட்டது! திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று மனைவி போனில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஏதோ சொந்தம் போல.

வினாடிக்கு 1.68 கி.மீ. வேகத்தைச் சுமார் 19 நிமிடத்தில் பூஜ்யமாக்கினார்கள். வகுத்தால், ஒவ்வொரு வினாடியும் வேகம் சராசரியாக வினாடிக்கு 1.5 மீட்டர் குறைந்தது. நிலாவின் ஈர்ப்பு அதே கணக்கில் 1.62. "அப்பா, பிரேக் ஈர்ப்பைவிடக் கம்மியா இருந்தா எப்படி நிக்கும்?" என்றாள் மகள். நல்ல கேள்வி. இந்த 1.5 பெரும்பாலும் பக்கவாட்டு வேகத்தைக் குறைத்தது; கீழே இழுக்கும் ஈர்ப்பைத் தாங்குவது தனிக் கணக்கு. இரண்டையும் வெக்டராகக் கூட்டவேண்டும். அம்புக்குறி போட்டுக் காட்டினேன். ஒத்துக்கொண்டாள், கொஞ்சம் தயங்கி.

2 செப்டம்பர், சனி

சூரியனை ஆராயும் இந்திய விண்கலம் ஆதித்யா-எல்1 பிற்பகல் 2:20க்குக் கிளம்பியது. அது போகும் எல்1 புள்ளி, அதாவது பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்ற வசதியான இடம், பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சமன்பாடு அடங்காமல் நீள்கிறது. ஈருறுப்புத் தேற்றத்தை வைத்துத் தோராயமாக்கினால் கனமூலத்தில் வந்து நிற்குமாம். அந்தப் பாடத்தில் மகள் பென்சிலால் நிறைய எழுதி வைத்திருக்கிறாள். நாளை எனக்கு ஓய்வு நாள். காலையிலேயே ஆரம்பிக்க வேண்டும்.